நம்பத்தக்க வரியை எழுதுக



தன்னைப் பற்றிய நல்ல கூற்று ஒன்றைத் நாள்தோறும் எழுதியோ சொல்லியோ, அதன் வழியே மனத்தைப் பழக்கும் முறை தன்னுறுதிமொழி எனப்படும். அஃபர்மேஷன் என்ற பெயரில் இன்று மாணவரிடையே பரவியிருப்பது இதுவே. முறை புதியதன்று. மருந்தாளுநராகத் தொழில் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் எமில் குவே (1857–1926), தம்மிடம் வந்த நோயாளிகளை, நலம் நாளுக்கு நாள் பெருகுகிறது என்ற கருத்துடைய வாக்கியத்தைக் காலையும் இரவும் இருபது முறை சொல்லிவரச் செய்தார்.

எனினும், மனம் ஏற்காத வாக்கியம் பயனற்றுப் போவதோடு நில்லாமல், வருத்தவும் செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாம் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டவர்களுள், தன்மதிப்பு குறைந்தவர்கள், அதாவது தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுபவர்கள், அவ்வாறு சொல்லாதவர்களைவிடச் சோர்ந்தே காணப்பட்டனர். ஆறுதல் மிகுதியாக வேண்டியவரையே அந்த வாக்கியம் கைவிட்டது. கணக்கில் தடுமாறும் மாணவி, தான் மாநிலத்தில் முதலிடம் பெறுபவள் என்று பக்கம் பக்கமாக எழுதினால், ஒவ்வொரு வரியும் சென்ற தேர்வின் விடைத்தாளையே கண்முன் நிறுத்த, உள்ளம் நம்பிக்கைக்கு மாறாக மறுப்பையே பயில்கிறது.

இதற்கு மாறாக, உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988இல் முன்வைத்த தன்னுறுதிக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த பயிற்சியில் புகழ்மொழிக்கு இடமில்லை. தனக்கு இன்றியமையாத விழுமியம் ஒன்றை, குடும்பப் பாசமோ நேர்மையோ எதுவாயினும், தேர்ந்து, அது ஏன் முக்கியம் என்று சில வரிகள் எழுதுவதே பயிற்சி. பள்ளிகளில் இதன் பயன் எங்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை எனினும், பொய் எழுத வேண்டாத வழி என்பதே இதற்குப் போதிய சிறப்பு.

இதனினும் எளிதில் கைக்கெட்டுவது, உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கிய முறை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது அது. இரவு உணவு முடிந்து கைகழுவியதும், செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு கணக்கையேனும் போட்டுப் பார்ப்பது என்று எழுதிவைத்தவளுக்கு, கைகழுவுதலே அடுத்த செயலை நினைவூட்டும் குறியாகிவிடுகிறது.

இத்தகைய செயல் பழக்கமாக நாளாகும். லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்ட ஏறத்தாழ 66 நாள் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் குலையவுமில்லை. ஆகவே ஒருநாள் விட்டுப்போனால், எழுதிய பக்கங்களைக் கிழித்தெறியாமல் மறுநாள் தொடர்க. சோர்வு வாரக்கணக்கில் நீங்காதிருந்தால், குறிப்பேட்டை மட்டும் நம்பியிராமல், வீட்டாரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் தயக்கம் வேண்டா.