பெயர் மாறிய நாள்

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்குத் திருக்குருகூர் என்பது பழம்பெயர். நம்மாழ்வார் தோன்றிய ஊராதலின் இப்பெயர் வழங்கலாயிற்று. மக்கள் வழக்கால் வந்த இத்தகைய பெயர்க்கு நாளும் கிழமையும் குறித்தல் அரிது. மாநிலத்தின் பெயரோ அவ்வாறு மாறுவதன்று.

சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது எந்நாளில்? 1956 நவம்பர் 1 என்பர் சிலர். 1967 ஜூலை 18 என்பர் சிலர். 1969 ஜனவரி 14 என்பர் வேறு சிலர். இவ்வழக்கினைத் தீர்ப்பவை சட்டமன்ற நடவடிக்கைகளின் அச்சிட்ட தொகுதிகளும் அரசிதழுமே ஆகும்.

அவையில் பேசப்படுவனவற்றைச் சுருக்கெழுத்தாளர் உடனுக்குடன் குறிப்பர். அவை நாள்வாரியாக அச்சேறும். தேடுவோர் முதற்கண் நாளை அறிதல் வேண்டும். அறியாதவிடத்துப் பொருளகராதியும் பேசியோர் பெயரகராதியும் துணைசெய்யும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லைகள் மாறின, பெயர் மாறவில்லை. 1967 ஜூலை 18 அன்று முதலமைச்சர் அண்ணா பெயர்மாற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியிற் பிறந்த சி. பா. ஆதித்தனார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எனினும் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. மாநிலத்தின் பெயரை மாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கே வழங்கியுள்ளது. அங்கு 1968இல் சட்டம் இயற்றப்பட்டது. 1969 ஜனவரி 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பேரவை தன் விருப்பத்தைத் தெரிவித்த நாள் ஒன்று. பெயர் சட்டப்படி மாறிய நாள் மற்றொன்று. 2021இல் தமிழ்நாடு அரசு, முன்னதனையே தமிழ்நாடு நாளாகக் கொண்டாட முடிவுசெய்தது.

வெற்றிபெற்ற நாளின் ஏட்டை மட்டும் படிப்போர் பாதிக்கதையே அறிவர். இதே பெயருக்காகப் பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவை ஆதரித்து, 1963இல் அவ்வவையின் உறுப்பினராக இருந்த அண்ணா வாதாடினார். மசோதா தோற்றது. மறுத்தோர் கூறிய காரணங்களும் அந்த ஏட்டில் உள. அவற்றையும் படித்த பின்னரே நான்காண்டுகளில் நேர்ந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

ஒருவர் இன்னது பேசினார் என்பதற்கே ஏடு சான்று. பேசியது மெய் என்பதற்கு வேறு சான்று தேடல் வேண்டும். அவைத்தலைவர் நீக்கச் சொன்ன சொற்களும் அதில் இரா.

இத்தொகுதிகளைப் பெரிய நூலகங்களில் காணலாம். இந்நாளில் பல இணையத்திலும் உள. ஆனால் 1967ஆம் ஆண்டுத் தொகுதியைத் 'தமிழ்நாடு' என்னும் தலைப்பில் மட்டும் தேடுவோர் ஏமாற நேரலாம். பெயரை மாற்றத் தீர்மானித்த அந்த ஏட்டின் முகப்பில் இருப்பது 'சென்னை' என்னும் பழைய பெயரே!