டைனமோவைக் கழற்றுவதற்கு முன்

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது. புது பேட்டரி போடுகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே சத்தம். அடுத்து டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், மாற்றப்படுகிறது. அதற்குப் பிறகும் ஹெட்லைட் மங்கினால், பழுது அந்த இரண்டிலும் இல்லை. பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை: பெல்ட்டில் வெடிப்பு, பேட்டரி முனைகளில் வெள்ளை, பச்சைப் பூப்பு. சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும்; வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் அந்த விளக்கின் வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு பியூஸ் ஆனால் டைனமோ விழிக்காமலே இருந்துவிடும். சாவி ஆனில் விளக்கு எரியவே இல்லை என்றால் மற்றதெல்லாம் பிறகு. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து பேட்டரி. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட்டு ஏற்றிய பிறகுதான் மற்ற சோதனைகள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவைக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நல்லது. 15ஐத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும் அதற்கு அடையாளம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு 13.6 காட்டினால் பதற வேண்டாம், சூட்டில் ரெகுலேட்டர் தானாகவே சற்றுக் குறைத்துக்கொள்ளும். மாருதி 2015ல் சியாஸில் கொண்டுவந்த எஸ்.எச்.வி.எஸ். போன்ற அமைப்புள்ள கார்களில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. அவற்றில் 12.8 காட்டுவதும் இயல்பாக இருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டு, அளவு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில். கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, 'பீப்' கேட்டதும் ஓகே என்று விட்டுவிடுகிறார்கள். கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அந்த ஓர் இழையால் 50 ஆம்பியரைத் தாங்க முடியாது. ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் கேபிளைச் சோதிக்க வேண்டும்.

இன்ஜினை 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஹைபீம், ஏசி புளோயர் முழு வேகம், இருந்தால் பின்கண்ணாடி டீஃபாகர், எல்லாம் ஆன். லோடு இல்லாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. மீட்டர் டி.சி. வோல்ட்டில் இருக்கட்டும். சிவப்பு முனையை டைனமோவின் பின்னால் உள்ள பி-பிளஸ் போல்ட்டிலும், கருப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைக்க வேண்டும். இரண்டும் பிளஸ்தானே, மீட்டர் என்ன காட்டும் என்று குழம்ப வேண்டாம். வழியில் தொலைந்துபோகும் வோல்ட்டைத்தான் அது காட்டும். 0.2 வரை சரி. 0.3ஐத் தாண்டினால் கேபிள், பியூஸ் லிங்க், போல்ட் என ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்தால், எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது.

முனையைக் கிளாம்ப்பின் மேல் வைக்கவே கூடாது. பேட்டரியின் ஈயத் தூணிலேயே ஊன்ற வேண்டும். தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் படிந்த கறையே பல நேரங்களில் குற்றவாளி. கிளாம்ப்பில் வைத்தால் அது கணக்கில் வராமல் தப்பிவிடும்.

பிறகு எர்த். டைனமோவின் அலுமினிய உடம்பில் ஒரு முனை, பேட்டரியின் மைனஸ் தூணில் மறுமுனை. இங்கும் 0.2க்குள் இருக்க வேண்டும். ஒரு கார் பேட்டரியில் 13.2தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி-பிளஸ்ஸுக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே அளந்தால் 14.3. பிளஸ் பக்கம் தொலைவது 0.2. எர்த் பக்கம் 0.9. டைனமோ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி, இரு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. இந்த வண்டிக்குப் புது டைனமோ போட்டிருந்தால் அதுவும் 13.2தான் கொடுத்திருக்கும்.

பி-பிளஸ் போல்ட்டில் இன்ஜின் நின்றிருந்தாலும் மின்சாரம் உண்டு. மீட்டர் முனை நழுவி உடம்பையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். குரோக்கடைல் கிளிப் போட்டு, ஒயரைப் பெல்ட்டிலிருந்து விலக்கிவிட்டு, அதன் பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் அருகே வரக் கூடாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கவில்லை என்றால் டைனமோ நல்லது என்று சொல்லும் வழக்கம் இன்னும் சாகவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய அம்பாசடர் காலத்தோடு அது ஒழிந்திருக்க வேண்டும். பேட்டரி விலகிய கணத்தில் வோல்ட் பல மடங்கு எகிறி, காரின் கம்ப்யூட்டரான இசியுவையே எரித்துவிடக்கூடும். யார் சொன்னாலும் இதை அனுமதிக்கக் கூடாது.

டைனமோவுக்குள் இருக்கும் டயோடு போயிருந்தால் சார்ஜ் ஏறுவதுபோலவே தெரியும், ஆனால் பேட்டரி நிறையாது. லோடோடு ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் அளந்தால் 0.1 அளவில் இருப்பது நல்லது, 0.5ஐத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். மிக மலிவான மீட்டர்கள் சில, இன்ஜின் நின்றிருக்கும்போதே ஏ.சி.யில் 25, 28 என்று உளறும். அவற்றை வைத்து இந்தச் சோதனை செய்யக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறதா? அப்படியானால் ஏதோ ஒன்று கரண்டைத் திருடுகிறது. மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, நடுவில் இணைக்க வேண்டும். பானெட் திறந்தே இருக்கட்டும், சாவியைக் காரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அவசரப்படாமல் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ, அந்த வரிசையைத் தேட வேண்டும். வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் இருந்தால் அவற்றின் பியூஸிலிருந்தே தொடங்குவது நல்லது. மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. மீட்டரின் பியூஸ் அந்த நொடியே போய்விடும்.