ஸௌத்ஸீ: ஓர் ஆங்கிலக் கடற்கரைப் புறநகர்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர், ருட்யார்டு கிப்ளிங், எச். ஜி. வெல்ஸ், ஸர் ஆர்தர் கானன் டாயில் என்னும் மூவர் பெயரையும் நன்கறிவர். முதல்வர் பம்பாயிற் பிறந்து இந்திய நாட்டுக் கதைகளால் புகழெய்தியவர். இரண்டாமவர் விஞ்ஞானக் கற்பனைக் கதைகட்குப் பெரியதொரு வழி வகுத்தவர். மூன்றாமவர் ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவோனைப் படைத்தவர். இம்மூவரும் தத்தம் இளமையில் ஒரே ஊரில், இருபதாண்டு எல்லைக்குள், வாழ்ந்திருந்தன ரென்பதைப் பலர் அறியார். அவ்வூர் போர்ட்ஸ்மத் நகரைச் சார்ந்த ஸௌத்ஸீ என்னும் கடற்கரைப் புறநகர். மூவருள் இருவர்க்கு அது துன்பமே தந்தது. ஒருவர்க்கு வாழ்வு தந்தது. ஓர் ஊர் ஒருவர்க்குப் பூஞ்சோலையாகவும் பிறிதொருவர்க்குச் சிறைக்கூடமாகவும் தோன்றுதற்குக் காரணம் யாது? அவ்வூரின் வரலாற்றை ஆராயின் ஒருவாறு விளங்கும்.

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸீ என்றொரு சிறு தீவு உளது. அதன் பெரும்பகுதியில் அமைந்ததே போர்ட்ஸ்மத். ஆங்கிலேயரின் கடற்படைக்குப் பன்னூறாண்டுகளாகத் தாய்வீடாக விளங்கிவரும் துறைமுகம் அது. அத்தீவின் தென்கோடியில், ஸோலண்ட் என்னும் குறுகிய கடலை நோக்கி, வைட் தீவுக்கு எதிரே ஸௌத்ஸீ கிடக்கின்றது. அதன் கரையில் நம் நாட்டுக் கடற்கரைபோல் மென்மணல் இல்லை. பரற்கற்களே குவிந்து கிடக்கும். அலை மீளுங்கால் அக்கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுப்பும் ஓசை அக்கரைக்கே உரியது.

இவ்வூரில் மக்கள் குடியேறுமுன்னரே பீரங்கிகள் குடியேறிவிட்டன. பிரெஞ்சுக்காரர் படையெடுப்பரென் றஞ்சி எட்டாம் ஹென்றி மன்னன் 1544-ல் இங்கு ஒரு கோட்டை கட்டுவித்தான். மறு ஆண்டு, 1545 ஜூலை 19-ல், பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்க்கப் புறப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் கரைக்கு அணித்தே கவிழ்ந்து நூற்றுக்கணக்கான மாலுமிகளுடன் மூழ்கியது. மன்னன் அக்கோட்டையில் நின்று தன் கண்ணாலேயே அதனைக் கண்டா னென்பர். அக்கப்பலின் எஞ்சிய உடற்பகுதி நானூற்று முப்பத்தேழு ஆண்டுகள் கடலடிச் சேற்றிற் கிடந்து, 1982 அக்டோபரில் மேலே கொணரப்பட்டது. அது போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றது.

கோட்டையைச் சூழ்ந்த நிலம் அக்காலத்தில் பெரும்பாலும் சதுப்பு. போர்ட்ஸ்மத் மக்களோ உயர்ந்த மதில்களுக்குள் நெருங்கி வாழ்ந்தனர். நெப்போலியனோடு நிகழ்ந்த போர்க்காலத்தில் மதிலுக்குள் இடம் போதாமையால், 1809 முதல் மதிலுக்கு வெளியே தொழிலாளர் வீடுகள் சில எழுந்தன. பின்னர் மதிலை நோக்கிய வரிசைவீடுகள், கடற்படை அதிகாரிகளுக்கென, ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஆயினும் கடலை அடுத்த பெரும்பரப்பில் ஒரு வீடேனும் கட்டப்பெறவில்லை. பீரங்கிக் குண்டு செல்லும் வழியில் தடை இருத்தலாகாது என்று இராணுவத்தார் ஆணையிட்டிருந்தமையே காரணம். கைதிகளைக்கொண்டு சதுப்பை வற்றச்செய்து மேடாக்கிய பின்னரும், அந்நிலம் வெற்றுத்திடலாகவே நின்றது. ஸௌத்ஸீ காமன் என்று வழங்கும் அப்பரந்த புல்வெளி இவ்வாறு உண்டாயிற்று. பிற ஆங்கிலக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் விடுதிகளும் மாளிகைகளும் நீர்விளிம்புவரை நெருங்கி நிற்க, இவ்வூரில் மட்டும் வீடுகளுக்கும் கடலுக்கும் இடையே இத்தனை பெரிய வெளி எஞ்சியமைக்குப் பீரங்கிக்கே நன்றி கூறல் வேண்டும். நகரசபையார் பின்னர் அதனைக் குத்தகையாகப் பெற்று, 1922-ல் விலை கொடுத்தே வாங்கினர்.

நிற்க, ஸௌத்ஸீக்கு இன்றுள்ள தோற்றத்தை அளித்தவர் தாமஸ் எல்லிஸ் ஓவன் என்னும் சிற்பி. சிற்பி யெனினும் நிலம் வாங்கி வீடு கட்டி விற்கும் வாணிகமும் அவருடையதே. இருமுறை போர்ட்ஸ்மத் நகரத் தலைவராக இருந்து, 1862-ல் அப்பதவியிலேயே காலஞ்சென்றார். 1830-க்குப் பின் முப்பதாண்டுக் காலத்தில் அவர் இங்கு நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார். தெருக்களை நேர்கோடாக அமையாமல் வளைத்து வளைத்து விட்டார். வீட்டைச் சுற்றி உயர்ந்த சுவர் எழுப்பினார். சுவருக்குள் மரங்களை வளர்த்தார். ஒரு வீட்டிலிருந்து நோக்கின் அடுத்த வீடு தெரியாது. நகரின் நடுவே யிருந்தும் நாட்டுப்புறத்தில் வாழ்கின்றோம் என்னும் எண்ணம் குடியிருப்போர்க்கு உண்டாகும். நன்மக்கள் குடியேறக் கோயிலொன்று வேண்டுமே யென்று புனித யூதா தேவாலயத்தையும் 1851-ல் கட்டிமுடித்தார். பக்தியும் வாணிகமும் ஒரே அஸ்திவாரத்தில் எழுந்த கட்டடம் அது. அக்காரணம் பற்றி அதனை இகழ்வதற்கில்லை, ஆராதனை இன்றும் அங்கு நடந்து வருகின்றது. ஓவன் கட்டிய சுவர்களோ அழகியவை. எனினும் சுவர் எதற்காக எழுகின்றதோ அப்பண்பு அதனுள் வாழ்வோரிடத்தும் படிவது இயல்பன்றோ?

போர்ட்ஸ்மத்துக்கு 1847-ல் இருப்புப்பாதை வந்தது. 1848-ல் கடலோரமாக உலாச்சாலை அமைக்கப்பெற்றது. 1861-ல் கிளாரென்ஸ் கடற்பாலம் திறக்கப்பட்டு, வைட் தீவு செல்லும் நீராவிக் கப்பல்கள் அங்கு வந்து நின்றன. 1865-ல் ரயில் நிலையத்திலிருந்து அப்பாலம்வரை குதிரை டிராம் ஓடத்தொடங்கிற்று. இதனால் நேர்ந்தது யாதெனில், கடற்காற்று வாங்க வருவோர் இருதிறத்தினராயினர். பட்டாடையும் குடையுமாய் வாத்திய இசை கேட்டு உலாவுவோர் ஒரு சாரார். கப்பல் துறையில் உழைக்கும் தொழிலாளரும், மாலுமிகளும், அவர்தம் மனைவி மக்களும் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே சாலையில் கலந்து நடப்பது கடற்பாலக் கம்பெனியாருக்குப் பிடிக்கவில்லை. பாலத்தை அடுத்த உலாச்சாலையின் ஒரு பகுதியை மறித்துத் தடுப்பு ஒன்று எழுப்பி, பொதுமக்கள் அவ்வழியே செல்லலாகாதென்றனர்.

தந்தையர் காலமுதல் நடந்த வழி ஒருநாள் காலையில் அடைபட்டிருக்கக் கண்டால் எவர்தாம் பொறுப்பர்? 1874 ஆகஸ்டு மாதம் மக்கள் திரண்டு வந்து அத்தடுப்பைப் பிடுங்கி எறிந்தனர். ஆரவாரம் ஒருநாளில் அடங்கவில்லை. போலீசாரும் வந்தனர், படைவீரரும் அழைக்கப்பட்டனர். ஸௌத்ஸீப் போர் என்று அந்நகரத்தார் சிறிது நகையோடும் சிறிது பெருமையோடும் இதனைக் குறிப்பர். முடிவில் தடுப்பு தொலைந்தது. வழி திறந்தே நின்றது. மூன்று நூற்றாண்டுக்குமேல் பகைவர் வரவை நோக்கி நின்ற அக்கோட்டையின் அருகே, போர் நிகழ்ந்தது பிரெஞ்சுக்காரரோடன்று, ஊராருள்ளேயே என்பது நினைக்கத்தக்கது. கலகம் நல்வழி யென்று கூறுதல் என் கருத்தன்று. ஆனால் அத்தடுப்பு நிலைபெற்றிருப்பின் அதனையடுத்து வேறு தடுப்புகளும் எழுந்திருக்கு மென்பதில் எனக்கு ஐயமில்லை.

இவ்வாரவாரம் நிகழ்ந்த நாள்களில், அங்கிருந்து சிறிது தொலைவில், காம்பெல் சாலையிலுள்ள லார்ன் லாட்ஜ் என்னும் வீட்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டிருந்திருத்தல் கூடும். அவனே கிப்ளிங். இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர் தம் மக்களைத் தட்பவெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சித் தாயகத்துக்கு அனுப்பிவிடுவது அக்கால வழக்கம். கடற்பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் நிறைந்த ஸௌத்ஸீயில், அத்தகைய பிள்ளைகளைப் பணம் பெற்று வளர்க்கும் வீடுகளும் இருந்தன. 1871-ல், ஆறு வயது நிரம்பாத கிப்ளிங்கையும் மூன்று வயதுத் தங்கையையும் அவர்தம் பெற்றோர் அவ்வீட்டில் விட்டு, பிரிவைப்பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கூறாமலே பம்பாய்க்குத் திரும்பிவிட்டனர். வீட்டுக்குரியவர் ஒரு முதிய கப்பற் காப்டன். அவர் சிறுவனிடம் அன்பாயிருந்தார். அவர் இறந்தபின் அவனுக்குத் துணையில்லை. அம்மனைவியார் நரக பயம் காட்டியும், பிரம்பாலடித்தும், குறுக்குக் கேள்விகளால் மடக்கியும் அவனை வருத்தினார். பொய்யன் என்றெழுதிய அட்டையை அவன் முதுகில் மாட்டி ஸௌத்ஸீத் தெருக்கள் வழியே பள்ளிக்கு அனுப்பியதும் உண்டென அவரே தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். ஆண்டுதோறும் டிசம்பரில் லண்டனிலிருந்த சிற்றன்னையாரின் வீட்டுக்குச் செல்லும் ஒரு மாதமே அவனுக்குச் சுவர்க்கம். கண்பார்வை மங்கியபின், 1877-ல் தாய் வந்து மீட்டாள். அம்மூதாட்டியார் வேதத்தை நாடோறும் ஓதியவர். ஓவன் கட்டிய சுவர்களைப் போன்ற சுவர்களுக்குப் பின்னே நடப்பதைத் தெருவிற் செல்வோர் அறிதல் இயலாது. பக்தியின் பெயரால் நடப்பதை வினாவ எவரும் துணியார். சமயக் கல்லூரிகளிற் பயின்றோராகிய நாம் இதனை மறத்தல் தகாது.

வெல்ஸின் துன்பம் வேறுவகைப்பட்டது. 1881-ல், தமது பதினான்காம் வயதில், அவர் ஸௌத்ஸீயிலுள்ள ஒரு ஜவுளிக்கடையில் தொழில் பயில விடப்பட்டார். கடையைத் திறப்பது முதல் மூடுவதுவரை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வேலை. இரவில் மற்றப் பயிற்சிப் பையன்களோடு ஒரே கூடத்தில் உறக்கம். கடற்காற்று வாங்க வந்த சீமாட்டிகளின் முன் துணிமூட்டைகளை விரித்தும் மடித்தும் நின்ற அப்பையன், அக்காற்றைத் தான் நுகர்ந்தது சிறிதே. தம்மால் இனி இயலாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து, தாய் வேலைபார்த்த அப்பார்க் மாளிகைக்குப் பதினேழு மைல் நடந்தே சென்று முறையிட்டார். 1883-ல் விடுதலை கிடைத்தது. அக்கடை வாழ்வே 1905-ல் வெளிவந்த கிப்ஸ் என்னும் நாவலுக்குக் கருவாயிற்று.

அவர் அங்குத் துணி மடித்துக்கொண்டிருந்த 1882-ஆம் ஆண்டிலேயே, அண்மையிலுள்ள எல்ம் குரோவ் தெருவில் ஒரு தேவாலயத்துக்கும் ஒரு விடுதிக்கும் இடைப்பட்ட வீட்டை வாடகைக்கு எடுத்து, இருபத்துமூன்று வயது வைத்தியர் ஒருவர் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டினார். அவரே கானன் டாயில். கையிற் பத்துப் பவுனும் இல்லை. நோயாளிகள் காணும் முன்னறைக்கு மட்டும் சாமான் வாங்கி, மற்ற அறைகளை வெறுமையாகவே வைத்திருந்தார். வேலைக்காரர் இல்லையென்பது அயலார்க்குத் தெரியாதிருக்க, பெயர்ப்பலகையை இருளிற்றான் துடைப்பாராம். நோயாளிகள் வாராத நேரம் மிகுதியாயிருந்தமை உலகுக்கு நன்மையாய் முடிந்தது. 1886-ல் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையை அவ்வீட்டில் எழுதினார். பதிப்பாளர் சிலர் திருப்பியனுப்பிய அக்கதையின் முழு உரிமையும் 25 பவுனுக்கு விற்கப்பட்டு, 1887-ல் அச்சேறிற்று. அவர் பந்தாட்டக் குழுவில் மாற்றுப்பெயர் பூண்டு கோல்காப்போராக நின்றார். இலக்கிய விஞ்ஞானக் கழகத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். 1890-ல் அவ்வூரை விட்டு நீங்கும்போது அவர் முகவரியற்ற வைத்தியர் அல்லர். வெளிவாசல் திறந்து, ஊரோடு கலந்து வாழ்ந்தவர்க்கே அவ்வூர் இனித்தது போலும்.

ஸௌத்ஸீக்கெனத் தனி இருப்புப்பாதை 1885-ல் போடப்பட்டு, டிராமோடு போட்டியிட இயலாமல் 1914-ல் மூடப்பட்டது. இரண்டாம் உலகப்போரில், 1941 ஜனவரி 10-ஆம் நாள் இரவு, ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் பாமர்ஸ்டன் சாலை, கிங்ஸ் சாலை ஆகிய கடைத்தெருக்கள் எரிந்து நீறாயின. கானன் டாயில் வாழ்ந்த வீடும் அப்போரில் அழிந்தது. 1944 ஜூனில் நார்மண்டிக்குச் சென்ற படைவீரர் பலர், மக்கள் உல்லாசமாக உலாவும் ஸௌத் பரேட் கடற்பாலத்தின் வழியே கப்பலேறினர். போருக்குப்பின் பெரிய வீடுகள் பல சிறுசிறு குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஓவனின் சுவர்களுக்குப் பின்னே இன்று சர்வகலாசாலை மாணவரும் வாழ்கின்றனர்.

காமன் திடலின் ஓரத்தில், கடலை நோக்கியவாறு, 1924-ல் திறக்கப்பட்ட கடற்படை நினைவுத் தூண் நிற்கின்றது. இரு உலகப்போர்களிலும் கடலன்றி வேறு கல்லறை யில்லாத 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அதிகாரியாயினும் அடுப்பெரிப்போனாயினும் பெயர் பொறித்த எழுத்தின் அளவு ஒன்றே.

சதுப்பாயிருந்த நிலத்தைக் கடல் மறந்துவிடவில்லை. நீர்மட்டம் உயர்ந்துவருவதால், பழைய அலைத்தடுப்புச் சுவர் போதாதென்று கண்டு, 2020 முதல் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய கரைகாப்பு அமைக்கத் தொடங்கினர். பல்லாயிரம் வீடுகளைக் காப்பது அதன் நோக்கம். அவ்வேலையின் திட்டம் வகுக்குங்கால் ஊரார் பெரிதும் வாதித்த பொருள்களுள் ஒன்று, சுவர் உயர்ந்தால் உலாச்சாலையிலிருந்து கடல் தெரியுமா என்பதே.