வந்து வந்து மறையும் பிரேக் விளக்கு

சரக்கு எடுக்கத் திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று நாள் தவறாமல் வண்டி விடுகிறவர்கள் நம் செஞ்சிக் கடைக்காரர்கள். இஞ்சினில் கோளாறு என்றால் நமக்கே ஓரளவு தெரிந்துவிடும். புகை வரும், சத்தம் மாறும். ஆனால் மீட்டர் போர்டில் பிரேக் விளக்கு ஒன்று எரிந்து, பிறகு அதுவாகவே மறைந்துவிட்டால் என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது எரிவதில்லை. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஒன்றுமில்லையே" என்கிறார். அடுத்த அமாவாசையன்று மேல்மலையனூர்க் கூட்டத்தின் நடுவே மறுபடியும் எரிகிறது. இப்படி விட்டு விட்டு வரும் மின்கோளாறை எப்படிப் பிடிப்பது என்பதை இம்முறை பார்ப்போம்.

முதலில் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு விளக்கு, கைபிரேக் விடுபடாததையோ பிரேக் ஆயில் குறைந்ததையோ காட்டுவது. வளைவிலும் இறக்கத்திலும் மட்டும் சிவப்பு எட்டிப் பார்த்தால் ஒயரைத் தேடுவதற்கு முன் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கும். வண்டி சாயும்போது உள்ளே மிதவை இறங்குவதால் விளக்கு எரிகிறது. பேடு தேய்ந்திருக்கலாம், எங்காவது ஒழுகலாம். ஆயிலை நிரப்பிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விடுவது மிகவும் ஆபத்து.

மஞ்சள் விளக்கு ஏ.பி.எஸ். அமைப்புக்கு உரியது. அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது இதன் வேலை. 1978-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கார்களுக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பு, நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. சக்கரத்தருகே உள்ள சென்சார்கள் வேகத்தைச் சொல்ல, ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் பார்க்கிறது. சென்சார் செய்தி அறுந்தால் பெட்டி ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு மஞ்சள் விளக்கைப் போடுகிறது. சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். ஆனால் மழைச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் வழுக்கும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் பாரம் ஏற்ற வேண்டாம். முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிட்டுத் தரும் வேலையும் நின்றிருக்கக்கூடும்.

பல வண்டிகளில் ஒருமுறை எரிந்த விளக்கு சாவியை அணைக்கும் வரை எரியும். மறுபடி சாவி போட்டதும் காணாமல் போகிறது. நாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மாலையில் கணக்கு உதைத்தால் நாம் கல்லாப்பெட்டியை மாற்றுவதில்லை. சிட்டையை வரி வரியாகப் பார்க்கிறோம். இதற்கும் அதுவே வழி. வண்டியில் ஒரு சிறு நோட்டு போட்டு, விளக்கு எரியும்போதெல்லாம் ஓரமாக நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். வண்டி நேராகப் போனதா, திரும்பியதா, எந்தப் பக்கம்? குழியில் விழுந்ததா? மழையா, வண்டி கழுவிய மறுநாளா? பாரம் இருந்ததா? ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடினவா? திரும்பும்போது மட்டும் எரிந்தால் முன்சக்கரத்து ஒயர் மீது சந்தேகம். குலுங்கும்போது எரிந்தால் கப்ளர் தளர்ந்திருக்கலாம். ஈரத்தில் எரிந்தால் கப்ளருக்குள் தண்ணீர். எல்லா விளக்கும் போட்ட இரவில் எரிந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும்.

நம் மளிகை வியாபாரி ஒருவரிடம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டவர் மலைத்துப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பத்து நாள் நோட்டு எழுதியதில், விளக்கு பெரும்பாலும் குடோன் சந்தில் இடப்பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பும்போதே வந்தது தெரிந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் முன் இடது சக்கரத்துச் சென்சார் ஒயரை விரலால் வளைத்துப் பார்த்தார். மேல் ரப்பர் முழுசாக இருந்தது; உள்ளே செம்பு அறுந்திருந்தது. நேராக ஓடும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த ஒரு சென்சாரை ஒயரோடு மாற்றியதுடன் வேலை முடிந்தது.

நம் தொழிலுக்கென்றே உள்ள காரணங்கள் இரண்டு. ஒன்று உப்பு. மரக்காணம் உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் தரைத்தகட்டின் இடுக்கில் இறங்கி, ஒயர்களின் எர்த் போல்ட்டைப் பச்சை பூக்க வைக்கிறது. மற்றது எலி. நெல், மணிலா கிடக்கும் குடோனை ஒட்டி நிறுத்திய வண்டிக்குள் அது குடியேறினால் ஒயரைக் கடிக்காமல் இருக்காது. உப்பு ஏற்றுகிற நாளில் அடியில் தார்ப்பாய் விரிப்பதும், இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவதும் பெரிய செலவல்ல.

எர்த்தைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவுக்கும் எர்த் போல்ட்டுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பேட்டரியின் இரு முனைகளிலும் பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். ஏ.பி.எஸ். பெட்டிக்குப் போகும் ஒயர்களில் டெஸ்ட் லாம்ப் வைப்பதும், ஒயரை ஊசியால் குத்திப் பார்ப்பதும் கூடாது. குத்திய துளையில் ஈரம் புகுந்து அதுவே புதுக் கோளாறாகும்.

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போனால், பதிவான கோட் எண்ணை அழிப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் எந்தச் சக்கரத்து வழி என்றுதான் சொல்லும். சென்சாரா, ஒயரா, கப்ளரா என்று சொல்லாது. ஒருவர் 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்ட, பக்கத்தில் இன்னொருவர் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் பார்க்கட்டும். எது திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறதோ, முதலில் அதைத் தேடலாம்.

பின்பக்கத்து பிரேக் லைட்டையும் விட்டுவிடக்கூடாது. பெடலுக்கு மேலுள்ள சிறு சுவிட்ச் தேய்ந்தால் சில மிதிக்கு எரியும், சில மிதிக்கு எரியாது. ஓட்டுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்குவதும் இண்டிகேட்டர் லேசாக மின்னுவதும் எர்த் கெட்டதன் அடையாளம். விடியற்காலை இருட்டில் திண்டிவனம் சாலையில் நமக்குப் பின்னால் லாரிகள் வருகின்றன. கடைப்பையன் பின்னால் நிற்க, பத்து முறை மிதித்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ரிப்பேர் முடிந்த வண்டியை நோட்டில் எழுதிய அதே சந்தில், அதே பாரத்துடன் ஓட்டிப் பார்த்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.