மூக்கு மேலே இருந்தால் போதுமா?

"இந்த வருஷம் மலருக்கு ஆட்டோமொபைல் துறை சார்பா நீ ஏதாவது எழுதுடா" என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் ஒன்றுதான். அது நான் செய்த ஒரு தப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியது நினைவிருக்கும். அப்போது ஒரு ஒர்க் ஷாப்பில் மாலை நேரங்களில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். வெள்ளத்தில் நின்றுபோன ஒரு பெரிய டீசல் எஸ்.யூ.வி.யைக் கட்டி இழுத்து வந்தார்கள். பானட் ஓரமாகக் கூரை வரை கம்பீரமாக ஸ்நார்கல் குழாய். 'மூக்குதான் மேலே இருக்கே, தண்ணி எப்படி உள்ளே போகும்?' என்று நினைத்து, மேஸ்திரி அண்ணன் வருவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டேன். என்ஜின் பற்றியது. நாலைந்து விநாடிதான். 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி.

"தம்பி, சாவியைத் தொட்டியா?" என்றார் அண்ணன். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிரித்துப் பார்த்தபோது ஒரு கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. வகுப்பில் படித்த கணக்குதான் இது. 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் 700 சி.சி. அழுத்த விகிதம் 16:1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 47 சி.சி. டீக்கடை கிளாஸில் பாதி! காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் ராட்தான் வளைய வேண்டும். முதலில் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றியிருக்க வேண்டும்.

தண்ணீர் எப்படிப் போனது? ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருந்த வடிகால் துளையை ஸ்நார்கல் மாட்டியவர் அடைக்கவே இல்லை. அந்தக் குழாய் வெறும் அலங்காரம்! சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஐடிலிங்கில் ஓடும்போது குழாயின் வாயை நன்றாக மூடினால் என்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ ஓட்டை.

இன்னொன்று, டிஃபரென்ஷியல் பிரீதர். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறிவிடும். ஒரு ரப்பர் குழாயைச் செருகி பிரீதர் வாயை உயரத்துக்குக் கொண்டுபோனால் போதும். செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் வெளியே தெரியாத வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை!

எல்லாம் சரியாகச் செய்தாலும் வண்டி மிதக்கும். 4.7 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்றால் பரப்பு சுமார் 8.5 சதுர மீட்டர். தரைப்பலகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் ஏறக்குறைய 850 கிலோ எடையைத் தூக்கும். 2,100 கிலோ வண்டி 25 செ.மீ.யிலேயே மிதக்கத் தொடங்கும். டயர் பிடிப்பு அதற்கு முன்பே போய்விடும். கதவு ரப்பர் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் மிதக்கும். விலை உயர்ந்த வண்டிக்காரர்கள் கவனிக்க! புதிய டிஃபெண்டருக்கு, ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், 900 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று லேண்ட் ரோவர் சொல்கிறது. அது நின்ற நீருக்கு. ஓடும் நீர் 60 செ.மீ. இருந்தாலே எஸ்.யூ.வி.யை அடித்துக்கொண்டு போகும்.

நின்ற நீரில் இறங்கியே தீர வேண்டும் என்றால், ஏ.சி.யை அணைத்து, லோ ரேஞ்சில், நடக்கும் வேகத்தில் போங்கள். முன்னால் ஒரு சின்ன அலை எழும். அதன் பின்னாலேயே சீராகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள். நடுவில் நின்றுபோனால் இறங்கித் தள்ளுங்கள், சாவியை மட்டும் திருப்பாதீர்கள்.

மாற்றங்கள் செய்யுமுன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸில் என்ஜின் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வண்டிக்காரர் கட்டவில்லை. அண்ணன் கூலி வாங்காமல் என்ஜினைக் கட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் ராத்திரியில் கூட இருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்.