காலணி, கழிப்பறை, மாத்திரை: கொக்கிப்புழுவை வெல்லும் வழி



ஆசிரியப் பயிற்சியை முடித்து, பேராக் மாநிலத்தின் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பாடம் நடத்திவந்த காலத்தில், மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். காலை பத்து மணிக்கெல்லாம் மேசைமீது தலையைச் சாய்த்துவிடுவான். கேள்வி கேட்டால் விழிப்பான். அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். ஒரு நாள் வகுப்பறைக்கு வெளியே நிற்கவும் வைத்தேன். சில வாரங்களுக்குப் பின் பள்ளிக்கு வந்த சுகாதாரத் தாதி ஒருவர், அவனுடைய கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. இரத்தமும் மலமும் பரிசோதிக்கப்பட்டன. அவன் குடலில் கொக்கிப்புழுக்கள் குடியிருந்தமை தெரியவந்தது.

புழு மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கப்பட்டன. சில மாதங்களில் அச்சிறுவன் திடலில் பந்தின் பின்னால் ஓடினான். வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பித்தான். அவனைக் கடிந்துகொண்ட சொற்களை மட்டும் என்னால் திரும்பப் பெற இயலவில்லை.

ஆசிரியர் அறியாதிருந்ததைப் பெற்றோரேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொக்கிப்புழு என்பது யாது?

கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய புழு. மனிதனின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. இது செய்யும் வேலையைப் பால்மரம் வெட்டுவோர் எளிதில் புரிந்துகொள்ளலாம். உளியால் பட்டையைச் சீவினால் பால் வடிகிறது. சிறிது நேரத்தில் பால் உறைந்து வெட்டுவாயை அடைத்துக்கொள்கிறது. சேகரித்த பால் உறையாதிருக்க அதில் அமோனியா கலக்கிறோம். கொக்கிப்புழுவும் அவ்வாறே செய்கிறது. குடற்சுவரை வாயால் அறுத்து, இரத்தம் உறையாதிருக்க ஒரு நீரைச் சுரந்து விடுகிறது. ஆகவே புழு உறிஞ்சியது போக, அறுபட்ட இடத்திலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொக்கிப்புழுவில் மனிதரைத் தாக்கும் முக்கிய வகைகள் இரண்டு. அவற்றுள் சிறிய வகையைச் சேர்ந்த ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. இது ஒரு துளியைவிடக் குறைவு. ஆனால் குடலில் 100 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். 30 நாள்களில் 90 மில்லிலிட்டர். பெரிய வகைப் புழுவோ இதனைப் போல் ஐந்து மடங்கு இரத்தத்தைப் போக்கக் கூடியது. வளரும் குழந்தையும், கருவுற்ற தாயும், அரைவயிற்று உணவுடன் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் இவ்விழப்பை எவ்வாறு தாங்குவர்?

காலின் வழியே நுழையும் பகைவன்

புழு என்றால் வாய் வழியாகத்தான் வயிற்றுக்குள் செல்லும் என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1898ஆம் ஆண்டளவில் எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கையில், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. சிந்திய இடத்தில் அரிப்பும் சிவப்பும் உண்டாயின. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தைச் சோதித்தபோது, அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருக்கக் கண்டார். புழு தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

புழுவின் பயணத்தை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, நோயுற்றவரின் மலத்துடன் புழுவின் முட்டைகள் வெளியேறுகின்றன. ஒரு பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும்.

இரண்டாவதாக, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாள்களில் முட்டை பொரிக்கிறது. ஐந்து முதல் பத்து நாள்களுக்குள் இளம்புழு, தோலைத் துளைக்கும் ஆற்றலைப் பெறுகிறது. தகுந்த மண்ணில் மூன்று நான்கு வாரங்கள் வரை அது காத்திருக்கும்.

மூன்றாவதாக, வெறுங்காலுடன் ஒருவர் அம்மண்ணை மிதிக்கும்போது, கால்விரல் இடுக்கின் வழியாகவோ பாதத்தின் வழியாகவோ உள்ளே நுழைகிறது. அங்கே அரிப்பும் சிறு கொப்புளமும் தோன்றலாம். நம்மவர் அதனைச் சேற்றுப்புண் என்று எண்ணி விட்டுவிடுவதும் உண்டு.

நான்காவதாக, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, எச்சிலுடன் விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. ஐந்து வாரம் அல்லது அதற்குமேல் கழிந்தபின் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழவும் செய்கிறது.

தோட்டங்களில் இது பரவியது எவ்வாறு?

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்றை அங்குள்ள மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் காணலாம். பின்னாளில் பேராக் முழுவதும் ரப்பர்க் காடுகள் படர்ந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்தனர். ரப்பர் மரத்தின் நிழலும், மழையில் நனைந்த மண்ணும் கொக்கிப்புழுவுக்கு ஏற்ற இடமாக அமைந்தன. லயங்களில் போதிய கழிப்பறைகள் இல்லாமையால் மக்கள் மரங்களுக்கிடையே ஒதுங்கினர். அதே மரங்களுக்கிடையே விடியற்காலையில் வெறுங்காலுடன் வெட்டுக்கும் சென்றனர். குற்றம் மக்களுடையது அன்று, வசதியின்மையே காரணம்.

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஆய்வுக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. டார்லிங், பார்பர், ஹாக்கர் என்னும் மருத்துவ அறிஞர்கள் அப்பணியில் ஈடுபட்டனர். அவர்களின் அறிக்கை 1920இல் வெளிவந்தது. மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கிட்ட இவர்கள், புழு இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது, எத்தனை புழு என்றும் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தினர். நோய் மிகுந்த இடத்தில் ஒவ்வொருவராகச் சோதித்துக் காலம் கடத்துவதைவிட, அனைவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுப்பதே சிறந்தது என்று டார்லிங் வலியுறுத்தினார். இலங்கையின் தோட்டங்களிலும் 1916இல் இத்தகைய இயக்கம் தொடங்கப்பெற்றது.

அக்காலத்து மருந்தான கீனோப்போடியம் எண்ணெய் கடுமையானது. அளவு மீறினால் உயிருக்கே ஊறு விளைக்கும். இன்று அந்த அச்சம் இல்லை.

நம் நாட்டின் பள்ளிகளில் 1974ஆம் ஆண்டு மாணவர்களுக்குப் புழு மருந்து வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 1983இல் அது நிறுத்தப்பட்டது. குழாய்நீரும் கழிப்பறையும் நல்ல வீடுகளும் பெருகியதால் புழுநோய் பல இடங்களில் குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் திட்டம் நின்ற பிறகு நடைபெற்ற பல ஆய்வுகள், தோட்டப் பிள்ளைகளிடையேயும் பூர்வகுடி மக்களான ஓராங் அஸ்லியரிடையேயும் புழுக்கள் நீங்காமல் இருப்பதைக் காட்டின. பள்ளியில் மாத்திரை கொடுப்பார்கள் என்று பெற்றோர் வாளாவிருக்க இன்று இயலாது. பொறுப்பு நம் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது.

ஏனைய புழுக்கள்

கொக்கிப்புழுவுக்கு உறவினர் சிலரும் உளர். நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழு ஓர் அடிக்கு மேலும் வளரக் கூடியது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகள் இடும். அம்முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பல புழுக்கள் திரண்டு குழந்தையின் குடலையே அடைத்துவிடுவதும் உண்டு. சாட்டைப்புழு பெருங்குடலில் வாழ்ந்து இரத்தமும் சளியும் கலந்த கழிச்சலை உண்டாக்கும். இவ்விரண்டும் மண் படிந்த கை, கழுவாத கீரை, மூடாத உணவு ஆகியவற்றின் மூலம் வாய்வழியாகவே நுழைகின்றன. ஆகவே காலணி மட்டும் அணிந்தால் இவற்றைத் தடுக்க இயலாது. கை கழுவுதலும் வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் மண்ணின் மூலம் பரவும் இப்புழுக்களுக்கு ஆளாகியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏழை மக்களைத் தாக்குவதால் உலகம் கவனியாது விட்ட நோய்களைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று அந்நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. கொசுவினால் பரவும் யானைக்கால் நோயும் அவ்வரிசையில் உள்ளது. ஆண்டுதோறும் சனவரி 30ஆம் நாள் இந்நோய்களுக்கான உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பட்டு, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாத்திரை வழங்கப்படுகிறது.

அறிகுறிகளை அறிவோம்

முகமும் கீழிமையும் நகமும் வெளுத்தல், படியேறினால் மூச்சு வாங்குதல், எப்போதும் களைப்பு, வயிற்றுவலி, பசியின்மை, மண், சாம்பல் போன்றவற்றைத் தின்னும் ஆவல், குழந்தையின் வளர்ச்சி குன்றுதல், பாடத்தில் கவனமின்மை. இவற்றுள் சில வேறு காரணங்களாலும் வரலாம். ஆதலால் ஊகத்தில் நின்றுவிடாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று மலத்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இனிப்புத் தின்றால் வயிற்றில் புழு உண்டாகும் என்பது தவறான எண்ணம். இனிப்பு பல்லுக்குக் கேடு செய்யும், புழுவைப் படைக்காது. விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானால் புழுவெல்லாம் போய்விடும் என்பதும் தவறே. குடற்சுவரைக் கவ்விய கொக்கிப்புழு பேதிக்கு அசைந்து கொடுப்பதில்லை.

மருந்து

அல்பெண்டசோல் என்னும் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பெரியவர்க்கும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வேளைக்குரிய அளவாகும். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அதில் பாதி. சிறு பிள்ளைகளுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் தொண்டையில் சிக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும், கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்மார்க்கும் இதனைக் கொடுத்தல் ஆகாது. மருத்துவரையோ தாதியையோ கேட்டே உட்கொள்ளுங்கள்.

புழு வெளியேறினாலும் இழந்த இரத்தம் உடனே திரும்பி வாராது. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சொன்ன காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொய்யாப்பழம், எலுமிச்சை ஆகியவை இரும்புச்சத்து உடலில் சேர உதவும். உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம் அச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுக.

நம் கடமையும் நம் உரிமையும்

மாத்திரை இன்றைய புழுவைக் கொல்லும். நாளைய புழுவைத் தடுக்காது. மண் அசுத்தமாக இருக்கும்வரை புழு மீண்டும் வரும். ஆதலின் வெட்டுக்காட்டுக்குச் செல்லும்போதும், வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும்போதும் மூடிய காலணி அணியுங்கள். குழந்தைகளையும் கழிப்பறையையே பயன்படுத்தப் பழக்குங்கள். குழந்தையின் மலத்தைத் தோட்டத்தில் எறிதல் கூடாது. உண்ணுமுன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். நகங்களை வெட்டுங்கள். நாயையும் பூனையையும் தாக்கும் ஒருவகைக் கொக்கிப்புழு மனிதரையும் பற்றுவது நம் நாட்டு ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. வளர்ப்புப் பிராணிகளுக்கும் புழு மருந்து கொடுங்கள்.

ஒரு வீட்டார் மட்டும் மருந்துண்டு, அண்டை வீட்டார் விட்டுவிட்டால் பயன் குறைவு. லயமே ஒன்றுசேர்ந்து செய்தல் வேண்டும். அண்மையில் வெளிநாடுகளிலிருந்து வந்து நம்முடன் உழைக்கும் தொழிலாளரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். புழுவுக்கு இனமும் மொழியும் தெரியாது.

தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்ச வசதிகள் குறித்து 1966இல் சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் விரிவான புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. நிருவாகம் தரும் வீட்டில் நீரும் கழிப்பறையும் முறையாக இருக்க வேண்டுவது சட்டத்தின் விதி. எவருடைய தயவும் அன்று. கழிப்பறை உடைந்தோ அடைந்தோ கிடப்பின், முதலில் நிருவாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தீராவிடில் தொழிலாளர் இலாகாவை நாடுங்கள். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. எஞ்சியுள்ள லயங்களில் வாழ்வோரே மறக்கப்பட்டுவிடும் ஆபத்து மிகுதி. ஆகையால் கேட்கத் தயங்காதீர்கள்.

தலை சாய்த்து உறங்கும் பிள்ளையை நாளை நீங்கள் காணக்கூடும். கடிந்துகொள்ளுமுன் அவனுடைய கீழிமையை ஒரு முறை பாருங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கொக்கிப்புழு உடலினுள் நுழையும் வழி யாது?
2. கொக்கிப்புழு சுரக்கும் நீரை, பாலில் கலக்கும் அமோனியாவுடன் ஒப்பிடுவது ஏன்?
3. 1983க்குப் பின் பெற்றோரின் பொறுப்பு கூடியது எதனால்?
4. மாத்திரை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் கூறுக.
5. உங்கள் லயத்தில் பழுதான கழிப்பறைகள் எத்தனை? இவ்வாரமே எண்ணிப் பார்த்து எழுதுக.