மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிக்கூடம்



“காசு உள்ளவனுக்குத்தானே படிப்பு, நமக்கு எதுக்கு?” என்ற பேச்சு லயத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. இதைப் பற்றி யோசிக்க, தூர தேசத்துச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கதையை இந்த இதழில் பார்ப்போம்.

ஊரின் பெயர் எமிட்ஸ்பேர்க். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறது. பள்ளியைத் தொடங்கியவர் எலிசபெத் சீட்டன் என்ற விதவைத் தாய்.

இவர் 1774இல் நியூயோர்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கணவருடைய வியாபாரம் நொடிந்துபோனது. 1803இல் கணவரும் காசநோயால் இறந்துபோனார். அப்போது எலிசபெத்துக்கு 29 வயது. கையில் ஐந்து பிள்ளைகள். 1805இல் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்ததால் சொந்தக்காரர் பலரும் விலகிப் போனார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த தொழில் படிப்பித்தல்தான்.

1808இல் பால்டிமோர் நகரத்துக்குப் போய் ஒரு சிறிய பள்ளி நடத்தினார். குருத்துவப் படிப்பில் இருந்த சாமுவேல் கூப்பர் என்பவர், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று காசு கொடுத்தார். அந்தக் காசில் எமிட்ஸ்பேர்க்கில் காணி வாங்கப்பட்டது. 1809 ஜூனில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வண்டிப் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முதலில் கிடைத்தது ஒரு சிறிய கல்வீடு. சகோதரிகளும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர் வரை அதில் நெருக்கியடித்துக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

1810 பெப்ரவரி 22ஆம் திகதி, மரத்தால் கட்டிய புதுவீட்டில் பள்ளி தொடங்கியது. முதல் நாள் வந்தது மூன்றே மூன்று பெண்பிள்ளைகள். கட்டணம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கன்னியர்கள் நடத்திய முதல் இலவசக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி இதுதான் என்று சொல்வார்கள்.

இலவசம் என்றால் செலவுக்கு யார் கொடுப்பது? அதே வருஷம் மே மாதம் வசதியுள்ள குடும்பத்துப் பெண்பிள்ளைகளை விடுதியில் சேர்த்தார்கள். அவர்கள் கட்டிய பணம் ஏழைப் பிள்ளைகளின் படிப்பையும் தாங்கியது. கட்ட முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கும் படிப்பித்தார்கள்.

கஷ்டம் விடவில்லை. 1812இல் மூத்த மகள் 16 வயதில் காசநோயால் இறந்தாள். 1816இல் 14 வயதுக் கடைசி மகளும் போனாள். 1821 ஜனவரி 4ஆம் திகதி எலிசபெத்தும் அதே காசநோயால் 46 வயதில் கண்மூடினார். பள்ளி நிற்கவில்லை, மற்றச் சகோதரிகள் எடுத்து நடத்தினார்கள். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், பங்குதோறும் பள்ளி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். விடுதிப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி 1973இல் மூடப்பட்டது. ஆனால் இலவசப் பள்ளியின் வழிவந்த ஆரம்பப் பாடசாலை, 1956இல் புதுக் கட்டடத்துக்கு மாறி, அவர் பெயரிலேயே அந்த ஊரில் நடக்கிறது. 1975இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? நம்ம தோட்டப் பள்ளிக்கூடங்கள் பலவும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்றுதான் தொடங்கின. பள்ளி பெரிசா சின்னதா என்பதல்ல கேள்வி. பிள்ளை தினமும் போகிறதா என்பதுதான். தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று ஒரு பெண்பிள்ளையை மறிக்கிறோம். ஒரு வாரம் ஒரு மாதமாகும். பிறகு கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பும் பேச்சு வரும். எமிட்ஸ்பேர்க்கில் அந்த மூன்று பிள்ளைகளையும் வீட்டில் மறித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்:

1. நம் லயத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை யார்? காரணம் என்ன?
2. வசதியுள்ள வீடு, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பி, சப்பாத்து என்று எப்படி உதவலாம்?
3. கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பிள்ளையை மறிக்காமல் வேறு என்ன வழி செய்யலாம்?